மாரி இருட்டில் ஒரு வேலை மேசை

2022ஆம் ஆண்டு டிசம்பர் இரண்டாவது வாரத்தில் மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் குளிர் மறந்திருக்காது. மண்டோஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இங்கே புயல் அடிக்கவில்லை. ஆனால் வடக்கிலிருந்து வந்த குளிர்காற்று விடாமல் வீசியது. வடக்கிலும் கிழக்கிலும் மேய்ச்சல் தரையில் நின்ற மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. படுவான்கரைப் பக்கமிருந்து வந்த படங்களைப் பார்த்துவிட்டு என் மனைவி அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

அந்த நாட்களில் ஒன்றில்தான் என் இடது பெருவிரல் வெட்டுப்பட்டது. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, வீட்டின் பின்பத்தியில் இருக்கும் வேலை மேசைக்குப் போனேன். அப்பாவின் சீவுளி துருப்பிடித்துக் கிடந்தது. அலகைக் கழற்றிக் கிரைண்டரில் பிடித்தேன். கல் முழு வேகம் எடுக்கவில்லை என்று நினைத்தேன். அது எடுத்திருந்தது. அலகு துள்ளிப் பெருவிரலின் பக்கத்தைச் சீவிக்கொண்டு போனது. நான்கு தையல். தையல் போட்ட வைத்தியர் “குளிரில கை விறைச்சுப் போச்சோ?” என்று கேட்டார். ஓமென்று சொன்னேன். மாடு சாகிற குளிரில் மனுசன் கை தவறுவது பெரிய விசயமா?

ஆனால் என் கை விறைக்கவில்லை. காயம் ஆறும்வரை மேசைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் காரணம் விளங்கியது. என் முதுகுக்குப் பின்னால், பத்தியின் நடு வளையில் ஒரே ஒரு பல்ப். நான் மேசையை நோக்கிக் குனிந்தால் என் தலையின் நிழல் சரியாகக் கிரைண்டரின் மேல் விழுகிறது. பத்து வருடமாக நான் என்னுடைய நிழலுக்குள் வேலை செய்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த மேசையை நான் எப்படி மாற்றினேன் என்பதைப் பற்றியது. நான் மின்னியலாளன் அல்ல, தச்சனும் அல்ல. அலுவலக வேலைக்குப் போய்வந்து, மிச்ச நேரத்தில் கதிரைக்குக் கால் போடுவது, மின்விசிறிக்குப் புஷ் மாற்றுவது, அயலவரின் மிக்சியைத் திறந்து பார்ப்பது என்று இருப்பவன். என்னைப்போல் பின்பத்தியில், விறாந்தையில், கோழிக்கூட்டுப் பக்கத்தில் மேசை போட்டு வேலை செய்பவர்கள் இந்த வாவியைச் சுற்றி ஏராளம். பலருக்கு அது பொழுதுபோக்கு அல்ல, அடுப்பெரிகிற வழி.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் என் மச்சானுக்கும் கார்க் கொட்டிலில் ஒரு வேலை மேசை உண்டு. அவருடைய பிரச்சினை சூடு: ஹீட்டர் போடாவிட்டால் பசை காயாது, விரல் அசையாது. எங்களுக்கு மார்கழியில்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே போவது அரிது. எங்கள் குளிர் ஈரம்தான். ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும், வருடத்தில் பெய்கிற மழையின் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில் கொட்டிவிடுகிறது. காற்றிலே ஈரம், சுவரிலே ஈரம், மரத்திலே ஈரம். கூடவே இருட்டு. பொழுது ஆறு மணிக்குச் சற்று முன்னர் படும் என்று கலண்டர் சொன்னாலும், மேகம் மூடிய நாளில் நாலரைக்கே பத்திக்குள் ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆக எங்கள் குளிர்கால மேசைக்கு வேண்டியது இரண்டு: வெளிச்சம், உலர்வு. ஒழுங்கு என்பது இந்த இரண்டுக்கும் பின்னால் தானாகவே வருகிறது என்பது என் அனுபவம்.

வெளிச்சம் பற்றி எல்லோரும் செய்யும் முதல் பிழை, பெரிய பல்ப் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். 9 வாட்ஸ் எல்.ஈ.டி. பல்பைக் கழற்றி 18 வாட்ஸ் போட்டேன். பத்தி முழுக்கப் பளிச்சென்று இருந்தது, என் நிழல் மட்டும் இன்னும் கறுப்பாக மேசையில் கிடந்தது. வெளிச்சத்தின் அளவைவிட அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். ஒரு பல்பு உங்கள் வேலையிலிருந்து இரண்டு மீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். அதே பல்பை ஒரு மீற்றருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். அரை மீற்றரில் பதினாறு மடங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராக வெளிச்சம் மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதிதான். ஆகவே 18 வாட்ஸ் வாங்கின காசு வீண். பழைய 9 வாட்ஸ் பல்பை ஒரு நெகிழும் தண்டில் போட்டு மேசைக்குக் கிட்ட இறக்கியிருந்தால் போதும்.

மேசை வேலைக்குப் பொதுவாக 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பார்கள். நுட்பமான வேலைக்கு, அதாவது ஈயம் பற்றவைப்பது, மணிக்கூடு திருத்துவது, ஊசியில் நூல் கோர்ப்பது போன்றவற்றுக்கு, 750 அல்லது 1000. கைத்தொலைபேசியில் இதை அளக்கிற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. துல்லியமாக இராது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். நடு வளைப் பல்பு மட்டும் எரிய, என் தலையின் நிழல் விழுந்த இடத்தில் அளந்தேன். 60 காட்டியது. அறுபது லக்ஸில் நான் கிரைண்டர் ஓட்டியிருக்கிறேன்!

வயதும் ஒரு கணக்கு. அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதுக்காரருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளாகிவிடுகிறது. மகனுக்குப் போதுமான வெளிச்சம் தகப்பனுக்குப் போதாது. “உங்களுக்குக் கண் தெரியுதில்ல” என்று பிள்ளைகள் சொல்லும்போது பல நேரம் கண்ணில் பிழை இல்லை, பல்பில்தான் பிழை.

இப்போது என் மேசைக்கு மூன்று விளக்கு. ஒன்று, மேசையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, என் நெற்றிக்குச் சற்று முன்னால் தொங்குகிறது. வெளிச்சம் எனக்கும் வேலைக்கும் இடையில் விழுவதால் தலை மறைக்காது. இரண்டாவது, இடது பக்கத்தில் நெகிழும் தண்டில். நான் வலக்கைக்காரன். வலப்பக்கம் விளக்கு வைத்தால் சுத்தியல் பிடிக்கிற கையின் நிழல் ஆணியின் தலையில் விழும். இடக்கைக்காரர்கள் இதை அப்படியே மாற்றிப் போடவேண்டும். மூன்றாவது விளக்குக்கு ஒரு கதை இருக்கிறது.

அப்பா பலகை சீவும்போது அடிக்கடி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையை மூக்குக்கு நேராக வாவிப் பக்கம் நீட்டிப் பார்ப்பார். வெளிச்சம் பலகையின் மேல் சாய்ந்து, ஏறக்குறைய உராய்ந்துகொண்டு வரும். அந்தச் சாய்வில் ஒவ்வொரு மேடும் ஒரு சின்ன நிழல் போடும், பள்ளம் கறுப்பாகத் தெரியும். மேலிருந்து நேரே விழுகிற வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாகக் காட்டும். நான் சின்னவனாக இருந்தபோது கையால் தடவிப் பார்த்து “சரி அப்பா” என்பேன். “கண்ணால பாக்காம கையால பாக்கிறியா மனே?” என்பார். மூன்றாவது விளக்கு அவருடைய வாசலுக்குப் பதில். மேசையின் பின்மூலையில், மேசை மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு சின்னக் குழாய் விளக்கு. சீவின பலகையையும் வார்னிஷ் பூசின இடத்தையும் சரிபார்க்கும்போது மட்டும் அதைப் போட்டு மற்ற இரண்டையும் அணைப்பேன்.

யன்னல் இருக்க விளக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வேலை மேசைக்கு வடக்குப் பக்க யன்னல்தான் நல்லது என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அது குளிர் நாட்டுப் புத்தகம். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் உள்ளேதான் இருக்கிறது. சித்திரையில் சூரியன் தலைக்கு மேலே வந்துவிட்டு வடக்கே சாய்கிறது, ஆவணி கழியத் திரும்புகிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலால் வெயில் நேரே உள்ளே வரும். மாரியில் சூரியன் தெற்கே நிற்பதால் வடக்கு யன்னலில் மிருதுவான, நிழல் குறைந்த வெளிச்சம் கிடைக்கும்தான். ஆனால் வாடைக்காற்றும் மழையும் அடிப்பது அதே வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும். வெளிச்சம் வேண்டுமென்று திறந்தால் தூவானம் மேசையை நனைக்கும். நனையக்கூடாதென்று பலகைக் கதவைச் சாத்தினால் இருட்டு. எங்கள் வீடுகளில் இந்த இழுபறி ஒவ்வொரு மாரியும் நடக்கிறது. நான் செய்தது, பலகைக் கதவைக் கழற்றிவிட்டுத் திறக்க முடியாத ஒரு கண்ணாடியைப் பொருத்தியது. கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு ஒளி புகும் பிளாஸ்ரிக் சீற் ஒன்றும் போட்டேன். மழை நாளில் பகலில் பல்பு தேவைப்படுவதில்லை. ஆனால் பங்குனிக்குப் பிறகு அந்தச் சீற்றுக்குக் கீழே நிற்க முடியாத வெக்கை. ஒரு பழைய சாக்கை விரித்துக் கட்டுகிறேன். எல்லா மாதத்துக்கும் பொருந்துகிற ஏற்பாடு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

கிரைண்டர் கல் சுற்றவில்லை என்று நான் நினைத்ததற்கு நிழல் மட்டும் காரணமில்லை என்று பிறகு ஒரு மின்னியலாளர் சொன்னார். அன்று மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பழைய ரியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது, சோக் வைத்த வகை. எங்கள் மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. அந்த ரியூப் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது. மேசைக் கிரைண்டரின் மோட்டர் நிமிடத்துக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், அதாவது விநாடிக்கு ஐம்பதுக்குக் கிட்ட. ஒவ்வொரு மினுக்கத்திலும் கல்லின் அடையாளங்கள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பதால், ஓடுகிற கல் மெதுவாக உருள்வதுபோலத் தெரியும். தொழிற்சாலைகளில் இது பழைய பிரச்சினை. மலிவான எல்.ஈ.டி. சிலவும் இப்படி மினுக்கும். சோதிப்பது சுலபம்: கைத்தொலைபேசிக் கமராவை விளக்குக்குக் கிட்டப் பிடியுங்கள், திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்த விளக்கைச் சுற்றுகிற எந்த இயந்திரத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். படுக்கையறைக்கு அது போதும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை. கீறல் பார்க்க அது நல்லது, ஆனால் மரத்தின் நிறத்தைப் பொய்யாகக் காட்டும். முதிரைக்கும் தேக்குக்கும் சாயம் ஒத்துப் போட்டுவிட்டுக் காலையில் வெளியே கொண்டுவந்து பார்த்தால் இரண்டும் இரண்டு நிறம். இன்னொன்று ஈசல். மழை விட்ட பின்னேரங்களில் அவை கூட்டமாக வந்து விழும். ஈர வார்னிஷில் ஈசல் சிறகு ஒட்டினால் திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான். மஞ்சள் கலந்த வெள்ளைக்குப் பூச்சி குறைவாக வருகிறது. அதனால் மேலே தொங்குவது மஞ்சள், தண்டில் இருப்பது வெள்ளை.

இனி ஈரம். இங்கே அப்பாவின் சீவுளிக்குத் திரும்ப வரவேண்டும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மாதக்கணக்காகத் தச்சர்களுக்கு ஓய்வில்லை. அந்தக் கூலியில் அப்பா வாங்கியதுதான் அந்த ஸ்டான்லி இரும்புச் சீவுளி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கல்லடியில் எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருந்தது. நாங்கள் தப்பினோம். மேசை, பெட்டி, வாள்கள், உளிகள் எல்லாம் போய்விட்டன. ஒன்பதாம் நாள் மணலுக்குள் சீவுளியின் கைபிடி தெரிந்தது. அப்பா அதை எடுத்து நல்ல தண்ணீரில் ஊறவைத்தார். மூன்று நாள், ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றினார். தேய்க்கவில்லை. “முதல்ல உப்புப் போகணும், மறுகா துருவப் பாப்பம்” என்றார். உப்பு இரும்புக்குள் இருக்கும்வரை எவ்வளவு எண்ணெய் பூசினாலும் கீழே துரு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அவர் யாரிடமும் படிக்கவில்லை. பிறகு வெயிலில் சூடாக்கி எண்ணெய் பூசினார். கடல் தின்னாத அந்தச் சீவுளியை, அவர் இறந்த பிறகு, நான் ஒரு மர லாச்சிக்குள் பத்திரமாக வைத்துத் துருப்பிடிக்க விட்டேன்.

நான் செய்த பிழை என்ன? மர லாச்சி பத்திரமான இடம் என்று நினைத்ததுதான். மரம் மாரியில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சில மரங்களிலிருந்து அமில ஆவியும் வரும். அதோடு கனமான இரும்பு ஒரு தந்திரமான சாமான். இரவில் குளிர்ந்தால் சீக்கிரம் சூடாகாது. காலையில் வாவிப் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வரும்போது, குளிர்ந்த இரும்பின் மேல் பனி படியும். ஐஸ் தண்ணீர்ப் போத்தலுக்கு வெளியே வியர்ப்பதுபோலத்தான். கனடா மச்சானுக்கும் இதே தொல்லை இருக்கிறதாம். கொட்டில் கதவைத் திறந்ததும் அவருடைய இயந்திரங்கள் வியர்க்குமாம். அவருக்கு அது வெறும் தண்ணீர். எங்களுக்கு அதில் உவர்க்காற்றின் உப்பும் கரைந்திருக்கிறது.

மாற்று பெரிய செலவில்லை. கூர்க்கருவிகளை இப்போது இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகளில் வைக்கிறேன். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருபவைதான். அயலட்டையில் சொல்லிவைத்தால் ஒரு மாதத்தில் ஒரு கைநிறையச் சேர்ந்துவிடும். பொட்டலத்தைப் பிரித்து மணிகளை ஒரு பழைய தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்துத் துணியில் கட்டினால் திரும்பவும் வேலை செய்யும். எண்ணெயில், தேங்காயெண்ணெய் அவசரத்துக்கு ஆகும், ஆனால் நாள் போகப் பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் அதைவிட நல்லது. ஒரு மாரி முழுக்கத் தொடப்போவதில்லை என்றால் வாசலின் மெல்லிசாகப் பூசுங்கள். தோலுறையில் எந்த இரும்பையும் வைக்காதீர்கள். என் மடக்குக் கத்தி அப்படித்தான் போனது.

அலுமாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய வழி: உள்ளே 25 வாட்ஸ் சூட்டு பல்பு. எல்.ஈ.டி. இதற்கு உதவாது, எங்களுக்கு வேண்டியது வெளிச்சமல்ல, சூடு. 24 பாகையில் ஈரப்பதன் 90 வீதமாக இருக்கிற காற்றை 28 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி தண்ணீரையும் எடுக்காமலே ஈரப்பதன் ஏறக்குறைய 70 வீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதுதான் காரணம். பத்து மணிநேரத்துக்குக் கால் யூனிற்தான் செலவு. பல்புக்குப் பக்கத்தில் மரத்தூள், துணி, தின்னர் எதுவும் இருக்கக்கூடாது. அந்த ஒழுங்கில்லாதவர்கள் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

மரத்தையும் மறக்கக்கூடாது. ஆவணியில் அளவாகப் பொருத்தின லாச்சி மார்கழியில் இழுக்க வராது. பலகை நீளத்தில் பெரிதாக மாறாது, அகலத்தில்தான் ஊதும். வெயில் காலத்தில் செய்பவர்கள் பக்கங்களில் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். மாரியில் செய்பவர்கள் இறுக்கமாகவே விடலாம், அது தானாகச் சுருங்கும். தின்னர் கலக்கிற வார்னிஷை மழை நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் அது. மழை விட்டு வெயில் வந்த பிற்பாடு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் பூசுங்கள், அல்லது தைப்பொங்கல்வரை பொறுங்கள்.

ஒழுங்கு விடயத்தில் நான் படித்த பெரிய பாடம் 2024 நவம்பர் கடைசி வாரத்து வெள்ளம். பத்திக்குள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. மேசைக்குக் கீழே அடுக்கியிருந்த எல்லாம் நனைந்தது. மேலே இருந்தவற்றுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மேசையின் கீழ்த்தட்டை இரண்டடிக்கு உயர்த்திவிட்டேன். தரையில் இப்போது இருப்பது நான் ஏறி நிற்கிற ஒரு பலகை மட்டும். அது காலைச் சீமெந்து ஈரத்திலிருந்து காக்கும், மின்சாரத்திலிருந்தும் ஓரளவு காக்கும்.

கருவிகளை ஒரு பலகையில் தொங்கவிட்டிருக்கிறேன். பலகை சுவரோடு ஒட்டியிருக்கக்கூடாது. ஒரு அங்குலச் சட்டம் அடித்து இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும், சுவர் ஈரம் ஏறாது. ஒவ்வொரு கருவியையும் வைத்து அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்றால் வரைந்திருக்கிறேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கரண்ட் போன நேரத்தில், கையில் ரோச் லைட்டோடு, இல்லாத குறடு எது என்று ஒரு பார்வையில் தெரியும். ஆணி, ஸ்குரூ எல்லாம் ஐஸ்கிறீம் பெட்டிகளில். முன்பு பால்மா ரின்களில் வைத்திருந்தேன். ரின் துருப்பிடித்து ஆணியையும் கெடுத்தது. மூடியைத் தட்டில் அடித்து ஜாம் போத்தலைக் கீழே தொங்கவிடுகிற யோசனை படத்தில் அழகாக இருக்கும். இங்கே இரண்டு மாரியில் மூடி அரித்துப் போத்தல் தலையில் விழும்.

எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன வழி உண்டு. ஒரு வாரம் மேசையைத் துப்பரவு செய்யாதீர்கள். கிழமை முடிவில் மேசைமேல் கிடப்பவைதான் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டியவை. மற்றவை பெட்டிக்குள் போகலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் ஈரமான மேசையைப் பற்றி எழுதுவது பாவம். பழைய வீடுகளில் உருண்டைக் கால் பிளக்கும் சதுரக் கால் பிளக்கும் கலந்திருக்கும். ஒன்றை மற்றதில் செருக ஒரு இணைப்பி, அதன்மேல் இன்னொன்று, கடைசியில் தரையில் கிடக்கிற ஒரு நீட்டு வயர். மூன்றாவது கால், அதாவது பூமித்தொடுப்பு, இந்த வழியில் எங்கோ காணாமல் போய்விடுகிறது. உலோக உடம்புள்ள பழைய துளைப்பானைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நிற்பவருக்கு, அந்த மூன்றாவது கால்தான் உயிர். மெயின் சுவிச் பெட்டியில் ட்ரிப் சுவிச் என்று நாங்கள் சொல்கிற ஒன்று இருக்கும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழவேண்டும். அதில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். மழை நாளில் அது அடிக்கடி விழுகிறது என்று கம்பி போட்டு நேராக இணைத்தவர்களை எனக்குத் தெரியும். அது விழுவது எங்கோ கசிகிறது என்று சொல்வதற்கு. பிளக் இருக்கைகளை நான் இடுப்பு உயரத்துக்கு மேலே ஏற்றச் செய்துவிட்டேன். வெள்ளத்தில் அவை மட்டும் தப்பியது எவ்வளவு பெரிய விசயம் என்பது தண்ணீருக்குள் நின்றபோது விளங்கியது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மச்சாள் தன் தையல் இயந்திரத்தை வந்து பார்க்கச் சொன்னார். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிக்கூடம் ஜனவரியில் தொடங்குமுன் சீருடை தைக்கிற வேலை அவருக்கு முழுக்க மாரியில்தான் வருகிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். இருட்டில் தையல் கோணி, பிரித்துத் திரும்பத் தைப்பதில் ஒரு நாள் கூலியில் பாதி போகிறது என்றார். அவருடைய பல்பும் முதுகுக்குப் பின்னால். ஊசியின் இடப்பக்கத்தில் 5 வாட்ஸ் விளக்கு ஒன்றை, சாய்வாக வெளிச்சம் விழும்படி, கதிரைக் காலில் கட்டினோம். வெள்ளைத் துணிக்கு நேர்மேலே விளக்குக் கூடாது, கண் கூசும். சாய்வில் நூலின் நிழல் துணியில் விழுந்து கோடு தெரியும். அடிப்பலகையின் கீழ் ஒரு பழைய ரப்பர் கம்பளம். ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிப் போத்தலில் போட்டோம், துருவான ஊசி சீருடையில் மஞ்சள் புள்ளி வைக்கும். எல்லாமாக ஒரு பின்னேர வேலை. அந்த மாரியில் அவர் பிரித்துத் தைத்தது இரண்டே சட்டை என்று தைப்பொங்கலன்று பொங்கலோடு வந்து சொன்னார்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவர்தான் கேட்டார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டியதை யார் மறப்பார்? அப்பாவின் காலத்தில் கேள்வியே இல்லை. போர்க்காலத்தில் பொழுதுபட்ட பிறகு வெளிச்சம் தெரிவதே ஆபத்து, நாலு மணிக்கே உளியைக் கழுவி வைத்துவிடுவார். இப்போது 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று போதும். கணனியின் யூ.பி.எஸ்.க்குள் இருக்கிற வகைதான். அதில் 84 வாட்ஸ் மணிநேரம் இருக்கிறது. இந்த ஈயப் பற்றரிகளைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், எனவே 42 என்று கணக்கு வையுங்கள். 5 வாட்ஸ் விளக்கு ஒன்று எட்டு மணிநேரம் எரியும். சின்னச் சூரியத் தகடு போட்டுச் சார்ஜ் பண்ணலாம் என்று கடைக்காரர் சொல்வார். மாரி மேகத்தில் அது அரைகுறையாகத்தான் ஏறும், கரண்ட் இருக்கும்போதே சார்ஜரில் போட்டு நிரப்பி வையுங்கள். 12 வோல்ற் என்பதால் ஈரக்கையால் தொட்டாலும் அடிக்காது. மச்சாளுக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது, சின்னவன் எல்லா வயரையும் இழுத்துப் பார்க்கிறவன்.

சீவுளி இப்போது பலகையில், தன் வெள்ளைக் கோட்டுக்குள் தொங்குகிறது. அலகில் இரண்டு குழி இருக்கிறது. அவை கடலில் வந்ததா என் லாச்சியில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூர் அந்த இடத்தைத் தாண்டித் தேய இன்னும் சில வருடம் எடுக்கும். பத்தியின் வடகிழக்கு மூலையில் ஒழுக்கு நிற்கவில்லை. பீலியை மாற்ற வேண்டும் என்று மூன்று மாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு பெயின்ற் வாளி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் சொட்டுகிற சத்தம் கேட்கிறது.